மீன் எண்ணெய் வாங்கப் போறீங்களா? புட்டியத் திருப்பிப் பாருங்க

இந்த தடவ சிங்கப்பூர் வாசகர்கள்கிட்டேருந்து வந்த கேள்விகள்ல மீன் எண்ணெய் பத்தி மட்டும் ஒரு கட்டு இருந்துச்சு, அதுவும் எல்லாமே ஏதோ ஒரு காரணத்துக்காக சாப்பாட்டுல கட்டுப்பாடு இருக்குற பிள்ளைங்க வீட்டுலேருந்து வந்தது, அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்குறேன். டயட்டீஷியனா எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், உங்க பிள்ளைய நேர்ல பாக்குற டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அவர் சொல்றதையே கேளுங்க.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு ஆறு வயசு, இப்ப கே2 (பாலர் பள்ளி), அடுத்த வருஷம் பி1 (தொடக்கப்பள்ளி முதல் வகுப்பு). பால், முட்டை, கோதுமை மூணுக்கும் அலர்ஜின்னு டெஸ்ட்ல தெரிஞ்சு எல்லாத்தையும் நிறுத்திட்டோம். மீனுக்கு அலர்ஜி இல்ல, ஆனா மீன் வாசம் வந்தாலே எந்திரிச்சு ஓடிருவான். சாதம், இட்லி, உருளைக்கிழங்கு வறுவல், கோழி, வாழைப்பழம், இவ்ளோதான் உள்ள போகுது. திருச்சில இருக்குற மாமியார் தினமும் போன்ல "மூளை வளர்ற வயசு, மீன் எண்ணெய் மாத்திர குடு, இல்லன்னா படிப்பு ஏறாது"ன்னு சொல்றாங்க. பார்மசிக்குப் போனா ஒரு அலமாரி முழுக்க அடுக்கி வச்சிருக்கான், ஒண்ணுல பெருசா 1000ன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல சுறா கார்ட்டூன் சிரிக்குது. எத வாங்குறது? (செங்காங் வாசகி)

பதில்: முதல்ல உங்க மாமியாருக்கு ஒரு வார்த்த சொல்லிடுறேன். மூளையிலயும் கண்ணோட விழித்திரையிலயும் டிஹெச்ஏங்குற ஒமேகா 3 கொழுப்பு நிறைய இருக்கு, அது உண்மைதான், ஆனா அத வெளியிலேருந்து குடுத்தா படிப்பு ஏறும்ங்குறதுக்கு ஆதாரம் ரொம்ப பலவீனம். ஆக்ஸ்ஃபோர்டுல வாசிப்புல பின்தங்கின 7 முதல் 9 வயசுப் பிள்ளைங்களுக்கு 16 வாரம் தினமும் 600 மில்லிகிராம் டிஹெச்ஏ குடுத்துப் பாத்தாங்க, 2012ல முடிவு வந்துச்சு, மொத்தமா பாத்தா பெருசா வித்தியாசம் இல்ல, ரொம்ப பின்தங்கின பிள்ளைங்ககிட்ட மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சுது. சரி, அந்த மாதிரி பிள்ளைங்கள மட்டும் எடுத்து திரும்பவும் செஞ்சு பாப்போம்னு செஞ்சாங்க, 2018ல வந்த அந்த முடிவுல அந்தக் கொஞ்சமும் காணோம். பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டி போடுற நைஸ்னு சொல்ற அமைப்பு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவும் மிதமிஞ்சின துறுதுறுப்பும் இருக்குற பிள்ளைங்களுக்கு சிகிச்சையா இந்த எண்ணெய சிபாரிசு பண்ணாதீங்கன்னே வழிகாட்டியில எழுதி வச்சிருக்கு. அதனால உங்க பையனுக்குக் குடுக்குறதுக்கு ஒரே காரணம் அவன் மீன் சாப்பிடுறதில்லங்குறது, அந்த ஓட்டைய அடைக்கக் குடுக்கலாம். மார்க்கு வரும்னு நினைச்சு வாங்காதீங்க.

அடுத்தது நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது. பால நிறுத்துனப்போ உங்க பையனுக்குப் போனது கால்சியம், புரதம், அயோடின், பி12, பி2. ஒமேகா 3 பால்ல பேருக்குத்தான் இருக்கு. முட்டையும் போச்சு, கோதுமையும் போச்சு, மிச்சம் இருக்குற அந்த அஞ்சு சாப்பாட்டுல கால்சியம்னு சொல்லிக்குற மாதிரி எதுவுமே இல்ல. ஒரு கப் பால்ல சுமார் 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கும், அத எத வச்சு ஈடு கட்டுறீங்கன்னு நீங்க எழுதல. கால்சியம் சேத்த சோயா பாலோ ஓட்ஸ் பாலோ குடுக்குறீங்களா? சோயா ஒத்துக்குமா, ஓட்ஸ்ல கோதுமை கலப்பு இல்லைன்னு அதுல போட்டிருக்கா? சும்மா அரிசிப் பாலு, பாதாம் பாலுன்னு வாங்குனா அதுல புரதம் பேருக்குத்தான் இருக்கும், கால்சியமும் சேத்திருந்தாத்தான் உண்டு. கையில ஒரு மாசத்துக்கு நாப்பது வெள்ளிதான் (டாலர்) இருக்கு, எதுக்குச் செலவு பண்றதுன்னு நீங்க கேட்டா நான் கண்ண மூடிக்கிட்டு கால்சியமும் புரதமும் சேத்த பாலுக்குத்தான் சொல்வேன், மீன் எண்ணெய் ரெண்டாவதுதான். பாலிகிளினிக்குல கேட்டு கேகே மருத்துவமனைக்கோ என்யூஹெச்ங்குற பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ ரெஃபரல் வாங்கி குழந்தைகள் டயட்டீஷியன ஒரு தடவயாவது பாருங்க, அந்த வழியா போனா குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். போகும்போது ஹெல்த் புக்லெட்ட எடுத்துட்டுப் போங்க, உயரம் எடை கோடு எப்படிப் போகுதுன்னு அவங்க முதல்ல அதத்தான் பாப்பாங்க.

இப்ப அலமாரிக்கு வருவோம். முன்னாடி பெருசா 1000னு போட்டிருக்கே, அது எண்ணெயோட எடை. அந்த எண்ணெய்ல நமக்கு வேண்டிய இபிஏயும் (இதுவும் ஒரு ஒமேகா 3தான்) டிஹெச்ஏயும் எவ்வளவுங்குறது பின்னாடி பொடி எழுத்துல இருக்கும். சாதாரண 1000 மில்லிகிராம் கேப்ஸ்யூல்ல பெரும்பாலும் இபிஏ 180, டிஹெச்ஏ 120, ரெண்டும் சேத்து 300தான், மிச்சம் 700ம் வேற கொழுப்பு. அதனால முன்பக்கத்த மறந்துடுங்க, பின்னால இந்த ரெண்டு நம்பரையும் கூட்டுங்க, அதோட அது ஒரு மாத்திரைக்கா ரெண்டு மாத்திரைக்கா, எத்தன மில்லிக்குன்னும் பாருங்க, ஏன்னா "ஒரு வேளை"ங்குறதுல மூணு மாத்திரைய அடக்கி வச்சு எண்ணப் பெருசாக் காட்டுறது இந்தத் தொழில்ல ரொம்ப சகஜம்.

எவ்வளவு வேணும்னா, ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பான எஃப்ஏஓவும் உலக சுகாதார நிறுவனமும் சேந்து கூட்டின 2008 நிபுணர் குழு சொன்ன கணக்கு இது: இபிஏ டிஹெச்ஏ ரெண்டும் சேத்து ஒரு நாளைக்கு 2லேருந்து 4 வயசு வரைக்கும் 100 முதல் 150 மில்லிகிராம், 4லேருந்து 6 வரைக்கும் 150 முதல் 200, 6லேருந்து 10 வரைக்கும் 200 முதல் 250. உங்க பையனுக்கு 200ன்னு வச்சுக்குவோம். அந்த சிரிக்குற சுறா போட்ட கம்மிய, அதாவது மென்னு திங்குற ஜெல்லி மிட்டாய் மாதிரி வர்றத, எடுத்துத் திருப்புங்க, ஒரு கம்மியில ரெண்டும் சேத்து 30 மில்லிகிராம்னு இருந்தா 200க்கு ஏழு கம்மி ஆகுது, அறுபது இருக்குற புட்டி ஒன்பது நாள் கூட வராது, கூடவே ஏழு கம்மியோட சர்க்கரையும் பல்லுல ஒட்டிக்குற பசையும் இலவசம். நான் கம்மிய ஒமேகா 3 கணக்குலயே சேக்குறதில்ல, அது மிட்டாய்.

ஆறு வயசுக்கு முழு கேப்ஸ்யூல முழுங்கச் சொல்லாதீங்க, தொண்டையில சிக்கும். திரவமா வர்றதுதான் வசதி. அதுலயும் ஒரு விஷயம் இருக்கு, 5 மில்லியில 500 மில்லிகிராம் இருக்குற எண்ணெய்னா உங்களுக்கு ஒரு நாளைக்கு 2 மில்லி போதும், அப்ப 200 மில்லி புட்டி நூறு நாள் வரும், ஆனா திறந்த புட்டிய ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தீத்துடணும்னுதான் பெரும்பாலும் போட்டிருப்பான். லாபம்னு பெரிய புட்டி வாங்கிட்டு கடைசி மாசம் கெட்டுப்போன எண்ணெயக் குடுக்குறதுல அர்த்தமில்ல, சின்னதா வாங்குங்க. அளக்குறதுக்கு ஊசி இல்லாத சிரிஞ்சு பார்மசியிலேயே கிடைக்கும்.

உங்க வீட்டு நெலமைக்கு அதவிட முக்கியம் அந்த எண்ணெயோட வேற என்னெல்லாம் கலந்திருக்குங்குறது. தண்ணியில கரையுற பொடி மாதிரி வர்ற மீன் எண்ணெய் இருக்கு பாருங்க, எண்ணெயத் துளித்துளியா எதுலயாவது பொதிஞ்சாத்தான் அது பொடியாகும், அந்தப் பொதியுற பொருள் பல சமயம் கேசினேட்டு, அதாவது பால் புரதம், சிலதுல சோயா, சிலதுல மீன் ஜெலட்டின். உங்க பையனுக்கு அந்த வகையே வேணாம். "ஒமேகா 3 சேத்தது"ன்னு விக்குற ரொட்டி, பானம் எதுலயும் இதே கதை இருக்கலாம். எண்ணெய் கெடாம இருக்க வைட்டமின் இ சேப்பாங்க, அது பெரும்பாலும் சோயாவுலேருந்து எடுக்குறது, சிலது கோதுமை முளை எண்ணெய். ரொம்ப சுத்திகரிச்ச எண்ணெய்ல புரதம் ஏறக்குறைய இருக்காதுதான், ஆனாலும் உங்க டாக்டர்கிட்ட பேரச் சொல்லிக் கேட்டுக்குங்க.

இங்க சாப்பாட்டுப் பொட்டலத்துல பால், முட்டை, பசைப்புரதம் (குளூட்டன்) இருக்குற கோதுமை மாதிரி தானியம், மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலை, சோயா, மரக்கொட்டைகள் இதெல்லாம் இருந்தா கட்டாயம் எழுதணும்னு சட்டம். ஆனா "இதே ஆலையில பாலும் கையாளப்படுது"ங்குற மாதிரி எச்சரிக்கை போடணும்னு கட்டாயம் கிடையாது, அது கம்பெனி இஷ்டம். சப்ளிமெண்ட்டுங்க வேற கணக்குல வருது, சுகாதார அறிவியல் ஆணையம்னு சொல்ற எச்எஸ்ஏ அதுங்கள ஒவ்வொண்ணா பரிசோதிச்சு அனுமதி குடுத்து கடைக்கு அனுப்புறதில்ல. பாதரசம் இவ்வளவுக்கு மேல கூடாது, ஈயம் இவ்வளவுக்கு மேல கூடாதுன்னு வரம்பு வச்சிருக்காங்க, பாதரசத்துக்கு பத்து லட்சத்துல 0.5 பங்கு, ஆனா அதுக்குள்ள இருக்கான்னு பாத்துக்குற பொறுப்பு இறக்குமதி பண்றவங்க, விக்குறவங்க மேல. அதனால புட்டியில இருக்குற இறக்குமதியாளர் மெயிலுக்கு ரெண்டு கேள்வி அனுப்புங்க, இந்த ஆலையில பாலோ முட்டையோ கோதுமையோ கையாளுறீங்களா, இந்த பேட்ச்சோட பரிசோதனைத் தாள் கிடைக்குமான்னு. நேரா பதில் வந்தா வாங்குங்க. "எங்கள் தயாரிப்பு மிகவும் தரமானது"ன்னு மட்டும் பதில் வந்தா அடுத்த புட்டிக்குப் போயிடுங்க.

பாதரசம் பத்தி பயப்படுறவங்களுக்கு ஒண்ணு, பாதரசம் மீனோட சதையில புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், எண்ணெய்ல அதிகம் வராது. எண்ணெய்ல தங்குறது பிசிபி மாதிரி கொழுப்புல கரையுற நஞ்சுங்க, அத சுத்திகரிப்புல எடுத்துடுறாங்க, வெளி லேப்ல பரிசோதிச்ச முத்திரை இருந்தா நல்லது, ஐஃபாஸ்னு ஒண்ணு பரவலா இருக்கு. எனக்கு அதவிட கவலை எண்ணெய் சிக்கு பிடிக்குறது. மீன் எண்ணெய் மாதிரி சீக்கிரம் கெடுற எண்ணெய் கிடையாது, வெளிச்சம், சூடு, காத்து மூணுமே ஆகாது. நம்ம ஊரு வெயில்ல ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி பார்சல் வாசல்ல சாயந்திரம் வரைக்கும் வெந்துகிட்டு கிடந்தா என்ன ஆகும்னு யோசிங்க. குளுகுளுன்னு இருக்குற கடையில, கருப்புப் புட்டியில இருக்குறத வாங்கி, திறந்தது நேரா ஃபிரிட்ஜுக்குள்ள போகட்டும். திறந்த உடனே மோந்து பாருங்க, லேசா கடல் வாசம் வந்தா சரி, பழைய பெயிண்ட் மாதிரி குப்புன்னு அடிச்சா கடையிலேயே திருப்பிக் குடுங்க. ஆரஞ்சு எலுமிச்சை மணம் சேத்ததுல இந்தச் சோதனை சரியா வராது, மணம் எல்லாத்தையும் மூடிடும், அதுல தேதியத்தான் நம்பணும்.

குடுக்குற முறைக்கு வர்றேன். வாழைப்பழத்துல மசிச்சு அவனுக்குத் தெரியாமக் குடுத்துடலாம்னு தோணும், தயவுசெஞ்சு வேணாம். அஞ்சே அஞ்சு சாப்பாடு சாப்பிடுற பிள்ளை, ஒரு நாள் வாழைப்பழத்துல மீன் நாத்தம் அடிச்சுதுன்னா அப்பறம் வாழைப்பழத்தையே தொடமாட்டான், அஞ்சு நாலாயிடும், இந்த மாதிரி எத்தனையோ வீட்டுல நடந்து என்கிட்ட வந்திருக்காங்க. அவனுக்குத் தெரியவே "இது எண்ணெய், ஒரு வாய் குடிச்சுட்டு உடனே ஜூஸ் குடி"ன்னு தனியாக் குடுங்க, சாப்பாட்டு நேரத்துல, ஏன்னா வயித்துல வேற கொழுப்பு இருந்தாத்தான் நல்லா உறிஞ்சும், ஏப்பமும் கம்மியா வரும். இன்னொண்ணு, நம்ம வீடுங்கள்ல மூக்கப் பிடிச்சு, கால மடியில இடுக்கி, அழுதுகிட்டு இருக்குறப்போ விளக்கெண்ணெய் ஊத்துற பழக்கம் இருந்துச்சு, இந்த எண்ணெய்க்கு அத செஞ்சுடாதீங்க. அழுற பிள்ளைக்கு எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிட்டா ஒரு வகை நிமோனியாவே வரும், எண்ணெய சளி மாதிரி இருமித் துப்பிட முடியாது. வேணாம்னா விட்டுடுங்க, அடுத்த வாரம் பாக்கலாம்.

அலர்ஜி உள்ள பிள்ளைங்குறதால முதல் தடவ சனிக்கிழமை காலையில பாதி அளவுக்கும் கம்மியாக் குடுத்துப் பாருங்க, அன்னைக்கும் அடுத்த ரெண்டு நாளும் வேற புதுசா எதுவும் வேணாம். ஸ்கூல்ல ஆரம்பிக்காதீங்க. முகம் வீங்குது, மூச்சு இழுக்குதுன்னா டாக்டர் குடுத்த அட்ரினலின் ஊசி, ஆம்புலன்ஸுக்கு 995, அவ்ளோதான், யோசிச்சுகிட்டு நிக்கக்கூடாது.

சப்ளிமெண்ட்டே இல்லாமலும் ஒரு வழி இருக்கு. வறுவல் மொறுமொறுன்னு இருக்குறதுனாலதான அவனுக்குப் பிடிக்குது, ஈக்கான் பிலிஸ், நம்ம நெத்திலிக் கருவாடு, நல்லா ஊற வச்சு உப்ப எடுத்துட்டு மொறுமொறுன்னு வறுத்து தட்டுல ஓரமா ரெண்டே ரெண்டு வச்சுப் பாருங்க, தொடச் சொல்லாதீங்க, சும்மா இருக்கட்டும். எலும்போட திங்குறதால கால்சியமும் கிடைக்கும். டின் சார்டின்ல 100 கிராமுக்கு இபிஏயும் டிஹெச்ஏயும் சேந்து கிட்டத்தட்ட 1 கிராம் இருக்கு, வாரத்துல ரெண்டு தடவ ஐம்பது கிராம் சாப்பிட்டாலே ஒரு நாளைக்கு 140 மில்லிகிராம் ஆச்சு, புட்டிக்கு வேலையே பாதிக்கு மேல போயிடும். ஆனா தக்காளி சாஸ்ல வர்ற டின்ல என்ன மாவு சேத்திருக்கான்னு கோதுமைக்காகப் பாத்துக்குங்க. சுறாப் புட்டு மட்டும் வேணாம், பிள்ளைக்கும் சரி, "பால் ஊறும்"னு பிள்ளை பெத்தவங்களுக்குக் குடுக்குறதும் சரி, பெரிய மீன், பாதரசம் ஜாஸ்தி, அமெரிக்காவுல தவிர்க்கணும்னு போட்ட பட்டியல்ல சுறாவும் இருக்கு.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயசு, மீன் அலர்ஜி. கடைக்காரர் "எண்ணெய்ல புரதமே இல்ல, தைரியமா குடுங்க"ன்னு சொல்றார். குடுக்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: வேணாம். அவர் சொல்றது பாதி சரி, மீன் அலர்ஜிக்குக் காரணமான பார்வால்புமின் ஒரு புரதம், நல்லா சுத்திகரிச்ச எண்ணெய்ல அது ஏறக்குறைய இருக்காது. அந்த "ஏறக்குறைய"வ உங்க பொண்ணு மேல சோதிச்சுப் பாக்குறதுக்கு கடைக்காரர் யாரு? அதோட கேப்ஸ்யூல் தோலு மீன் ஜெலட்டின்ல செஞ்சதா இருக்கலாம், அது யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல. மீனுக்கே டிஹெச்ஏ எங்கேருந்து வருதுன்னா கடல்ல இருக்குற நுண்பாசியிலேருந்துதான், அந்தப் பாசிய தொட்டியில வளத்து நேரா எண்ணெய் எடுக்குறாங்க, குழந்தைங்க பால் மாவுல சேக்குற டிஹெச்ஏ பலதும் அதுதான். பாசி எண்ணெய்னு கேட்டு வாங்குங்க, விலை கொஞ்சம் கூட. உங்க பொண்ணு வயசுக்கு 150 மில்லிகிராம் சுமாரா போதும். அதுலயும் மீன் எண்ணெய் அடைக்குற ஆலையிலேயே அடைக்குறாங்களான்னு கேட்டுக்குங்க, டாக்டருக்கும் ஒரு வார்த்த சொல்லிடுங்க.

கேள்வி: அந்தக் காலத்துல எங்களுக்கு காட் லிவர் ஆயில்தான் குடுத்தாங்க, ஸ்காட்ஸ் எமல்ஷன் புட்டியில ஒரு ஆள் மீன முதுகுல சுமந்துகிட்டு நிப்பான், அதக் குடிச்சுதான் வளர்ந்தோம். என் பேரனுக்கு வயசு அஞ்சு, ஆட்டிசம், மருமக கோதுமையும் பாலும் குடுக்குறதில்ல, மல்டிவைட்டமின் குடுக்குறா, கூடவே காட் லிவர் ஆயிலும் தினமும் ஒரு டீஸ்பூன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு தேவையா? (ஈசூன் தாத்தா ஒருவர்)

பதில்: ஐயா, நல்ல கேள்வி, மருமககிட்ட சண்ட போடாம இந்தப் பக்கத்தக் காட்டுங்க. மீன் எண்ணெய் மீனோட உடம்புலேருந்து வர்றது, காட் லிவர் ஆயில் ஈரல்லேருந்து வர்றது, ஈரல்ங்குறதால அதுல வைட்டமின் ஏயும் டியும் சேந்தே வரும். அந்தக் காலத்துல அதக் குடுத்ததே அதுக்குத்தான், எலும்பு வளையுற ரிக்கெட்ஸ் நோய்க்கு. அமெரிக்காவுல மெக்காலம்ங்குறவர் 1922ல அந்த எண்ணெயக் காய்ச்சி காத்த ஊதி அதுல இருந்த வைட்டமின் ஏவ அழிச்சுட்டுக் குடுத்துப் பாத்தார், அப்பவும் ரிக்கெட்ஸ் குணமாச்சு, அப்பத்தான் உள்ள இன்னொரு வைட்டமின் இருக்குன்னு தெரிஞ்சு அதுக்கு டின்னு பேரு வச்சாங்க. உங்க அம்மா உங்க வாயில ஊத்துனதுல நியாயம் இருந்துச்சு.

இப்ப நெலம வேற. எதுவும் குறைக்காத காட் லிவர் ஆயில்ல ஒரு டீஸ்பூனுக்கு வைட்டமின் ஏ சுமார் 1350 மைக்ரோகிராம் இருக்கும். 4 முதல் 8 வயசுப் பிள்ளைக்கு தினமும் 900க்கு மேல போகக்கூடாதுன்னு அமெரிக்காவுல வரம்பு வச்சிருக்காங்க, 1 முதல் 3 வயசுக்கு 600. ஒரு டீஸ்பூன்லயே வரம்பு தாண்டியாச்சு, அதுக்கு மேல மல்டிவைட்டமின்லயும் ஏ இருக்கும். இது ஒரு நாள்ல ஒண்ணும் செய்யாது, ஆனா கொழுப்புல கரையுற வைட்டமின், ஈரல்ல சேந்துகிட்டே போகும், மாசக்கணக்குல போனா தலைவலி, வாந்தி, தோல் உரியுறது, ஈரல் பாதிப்பு வரைக்கும் போகலாம். கேரட்டுல வர்றது இந்தக் கணக்குல சேராது, பயப்பட வேணாம். கடையில விக்குறதுல நிறைய புட்டிங்க வைட்டமின் ஏவக் குறைச்சுத்தான் வருது, அதனால ரெண்டு புட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரெட்டினால்னு (வைட்டமின் ஏதான்) போட்டிருக்குற நம்பர மட்டும் கூட்டிப் பாக்கச் சொல்லுங்க. ஐயூங்குற அளவுல போட்டிருந்தா அத 3.3ஆல வகுத்தா மைக்ரோகிராம் வந்துடும். ஒமேகா 3க்காகத்தான் குடுக்குறாங்கன்னா காட் லிவர நிறுத்திட்டு சாதா மீன் எண்ணெய்க்கு மாறிடலாம், அதுல பொதுவா ஏ இருக்காது.

மருமக கோதுமையும் பாலும் நிறுத்துனது அலர்ஜிக்காகவா ஆட்டிசத்துக்காகவான்னு நீங்க எழுதல. ஆட்டிசத்துக்காகன்னா, அதோட அடிப்படைத் தன்மைய மாத்த இந்த மாதிரி உணவு விலக்க பயன்படுத்த வேணாம்னுதான் நான் முன்னாடி சொன்ன அதே நைஸ் சொல்லுது. இத நான் சொன்னா சில அம்மாமாருக்கு என் மேல கோபம் வருது, வரட்டும். ஏற்கெனவே தேர்ந்தெடுத்துச் சாப்பிடுற பிள்ளைகிட்டேருந்து ரெண்டு பெரிய சாப்பாட்ட எடுத்துட்டு நாலு புட்டி வாங்கி வைக்குறது எனக்கு சரியாப் படல. வயித்துக் கோளாறு, பால் குடிச்சா ஒத்துக்கல அப்படின்னா அது வேற, அத டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிட்டுச் செய்யட்டும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பிள்ளைங்களுக்கு ஆளி விதை பொடி இட்லிப் பொடியில கலந்து குடுக்குறேன். அது போதுமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: இட்லிப் பொடியில ஆளி விதை நல்ல யோசனை, விடாதீங்க, முழு விதையா போடாம அரைச்சுத்தான் போடணும், இல்லன்னா உள்ள போனபடியே வெளிய வந்துடும். ஆனா அதுல இருக்குறது ஏஎல்ஏங்குற ஒமேகா 3. உடம்பு அத இபிஏவா மாத்துறது கொஞ்சம், டிஹெச்ஏவா மாத்துறது அதுலயும் சொற்பம், பெரியவங்ககிட்ட செஞ்ச பெரும்பாலான ஆய்வுகள்ல நூத்துக்கு ஒண்ணு கூடத் தேறல. சியா, வால்நட், கடுகு எண்ணெய் எல்லாத்துக்கும் இதே கதைதான். தலைமுறை தலைமுறையா சைவமா இருக்குற குடும்பத்துப் பிள்ளைங்க நல்லாத்தான வளருறாங்க, அதனால பதற வேண்டியதில்ல, ஆனா மனசுக்கு இருக்கட்டும்னா பாசி எண்ணெய் வாங்கலாம். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் மட்டுமே புழங்குற சமையல்ல ஒமேகா 6 ஏறிடும், ஏஎல்ஏ மாறுறதுக்கு அது போட்டி, பாதிக்கு கனோலா எண்ணெய் மாத்திக்கலாம்.

பாசி எண்ணெய்தானேன்னு கண்ண மூடிக்கிட்டு வாங்கிடாதீங்க, உள்ள பாசி, வெளித்தோலு மாட்டு ஜெலட்டின்னு வர்றதும் உண்டு. வெறும் ஜெலட்டின்னு மட்டும் போட்டிருந்தா அது மாடா பன்னியா மீனான்னு தெரியாது. மாவுலயோ கடல்பாசிச் சத்துலயோ செஞ்ச தோலுன்னு எழுதியிருக்கணும், திரவமா வாங்குனா இந்தத் தலைவலியே இல்ல. இதே விஷயத்த ஜூரோங்குலேருந்து ஒரு முஸ்லிம் சகோதரியும் கேட்டிருக்காங்க, உங்களுக்கும் அதே பதில்தாம்மா, சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸோட ஹலால் முத்திரை இல்லன்னா அவங்க ஏத்துக்குற வெளிநாட்டு முத்திரை இருக்குறத எடுங்க, மீன் ஜெலட்டின்னு தெளிவா போட்டிருந்தாலும் பலருக்கு அது போதுமானதா இருக்கு. சைவக் குடும்பத்துக்கு இன்னொரு வார்த்த, பிள்ளைங்க பால், தயிர் ஒழுங்காச் சாப்பிடலன்னா டிஹெச்ஏவுக்கு முன்னாடி பி12 பாருங்க, அது குறைஞ்சா நரம்புக்கே ஆபத்து.

கேள்வி: வலிப்புக்காக பையன் கீட்டோ டயட்ல (மாவுச்சத்து ரொம்பக் குறைவு, கொழுப்பு ஜாஸ்தி) இருக்கான். மீன் எண்ணெய் கம்மி மிட்டாய் குடுக்கலாமா? (பொங்கோல் வாசகி)

பதில்: கம்மி மிட்டாய் கூடவே கூடாது, ரெண்டு மிட்டாய்ல இருக்குற சர்க்கரையே அன்னைக்குக் கணக்கக் கலைச்சுடும். மணம் சேத்த திரவத்துலயும் சர்க்கரையோ சார்பிட்டால்ங்குற இனிப்போ இருக்கலாம். மணம் எதுவும் சேக்காத வெறும் எண்ணெய்னா மாவுச்சத்து கிடையாது, ஆனா அதுவும் கொழுப்பாச்சே, கீட்டோ டயட்டீஷியன்கிட்ட சொல்லி அன்னைக்கு உள்ள கொழுப்புக் கணக்குல சேத்துக்கணும். வால்ப்ரோயேட்ங்குற வலிப்பு மருந்து ஓடுதுன்னா அத முதல்லயே சொல்லுங்க, அந்த மருந்து ரத்தத் தட்டணுக்களக் குறைக்கக்கூடியது, மீன் எண்ணெய் அதிக அளவுல போனா ரத்தம் உறையுறத லேசா தாமதப்படுத்தலாம், ரெண்டும் சேர்றத நியூரோ டாக்டர் தெரிஞ்சு வச்சிருக்கணும். பல்லு பிடுங்குறது, ஆபரேஷன்னு ஏதாவது தேதி குறிச்சிருந்தா அங்கயும் இந்த எண்ணெய் பேர மருந்துப் பட்டியல்ல எழுதிக் குடுத்துடுங்க, சப்ளிமெண்ட்தானேன்னு விட்டுடுறாங்க நிறைய பேரு.